குப்பை படிக்கிறவள் பேசுகிறேன்

ஞாயிற்றுக்கிழமை இலக்கியக் கூட்டத்து வீடியோவை எல்லோரும் பார்த்திருப்பீர்கள். "புகழ், பணம், படுக்கை, கடைசியில் தூக்க மாத்திரை. இதைப் படிப்பவர்களை வாசகர்கள் என்றே சொல்ல மாட்டேன்" என்றார் மேடையில் பேசிய பெரியவர். அரங்கமே சிரித்தது. சரி, நான் வாசகி இல்லை. ஆனால் கையை ஆட்டி ஒதுக்கினாரே, அந்த 'வேலி ஆஃப் தி டால்ஸ்' என்ற அமெரிக்க நாவலை அவர் படித்திருக்கிறாரா? பேச்சைக் கேட்டால் பின்னட்டையைத் தாண்டியதாகத் தெரியவில்லை.

கதை மிகையாம். எது மிகை? 1966ல் வந்த நாவல். பாடிப் புகழ்பெற்று மாத்திரையில் சீரழியும் நீலி என்ற பாத்திரத்திடம் ஹாலிவுட் பாடகி-நடிகை ஜூடி கார்லண்டின் சாயல் இருப்பதாக அன்றே பேசிக்கொண்டார்கள். அதைப் படமாக எடுத்தபோது அதே கார்லண்டை வேறொரு வேடத்துக்கு ஒப்பந்தம் செய்து, பிறகு நீக்கிவிட்டார்கள். 1969ல் அளவு மீறிய தூக்க மாத்திரையால் இறந்தார். வயது 47. இதை நாவலில் எழுதியிருந்தால் 'நம்பும்படியாக இல்லை' என்றிருப்பீர்கள்.

எழுதிய ஜாக்குலின் சூசன், நடிகையாகப் பெயர் வாங்க முயன்று முடியாமல் போனவர். 1962ல் மார்பகப் புற்றுநோய்க்கு அறுவை சிகிச்சை. ஊருக்குச் சொல்லவில்லை. நாவலில் அழகை மட்டுமே முதலாக வைத்திருந்த ஜெனிபருக்கு அந்த நோயைக் கொடுத்தார். 1974ல் அதிலேயே போய்ச் சேர்ந்தார். வியாபாரத்துக்கு எழுதினாராம்! வியாபாரமும் செய்தார்தான். புத்தகம் ஏற்றும் லாரிக்காரர்களுக்குப் பலகாரம் வாங்கிக் கொடுத்தார். நம் ஆட்கள் புத்தகக் காட்சியில் ஸ்டால் ஸ்டாலாக நின்று செல்ஃபி எடுப்பது தவமா?

எனக்கு இந்த நாவல் பெரியம்மா மூலம் வந்தது. டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் வேலை. லெண்டிங் லைப்ரரியில் எடுத்து, பிரவுன் அட்டை போட்டு, நைட் டியூட்டிக்குக் கொண்டுபோவார். கடைசித் தாள் கிழிந்திருந்தது. முன்னால் படித்த யாரோ ஒரு புண்ணியவதி முடிவைப் பென்சிலால் அட்டையின் உட்புறம் எழுதி வைத்திருந்தாள். பெரியம்மா நன்றாகப் பாடுவார். வானொலி ஆடிஷன் வரை போனார், வீட்டில் தடுத்துவிட்டார்கள். 'போயிருந்தா எனக்கும் இப்படித்தான் ஆயிருக்கும். ஆனாலும் போயிருக்கணும்டி' என்பார். அறுபது வருடமாக இந்த நாவல் ஏன் உயிரோடு இருக்கிறது என்று கேட்கிறவர்கள் அந்த 'ஆனாலும்' என்ன என்று கொஞ்சம் யோசிக்கட்டும்.

மொழி தட்டை என்பீர்கள். தட்டைதான். அப்புறம்? மேலே ஏற நினைக்கும் பெண்களைப் பயமுறுத்துகிறது என்று ஒரு தோழி எழுதியிருந்தார். அது யோசிக்க வேண்டிய விஷயம், மறுக்கவில்லை. ஆனால் அரங்கில் சிரித்தவர்கள் அதற்கா சிரித்தார்கள்? ஆண் குடித்துச் சீரழிந்தால் இருத்தலியல் தத்துவம், பெண் மாத்திரை போட்டுச் சீரழிந்தால் கண்ணீர்க் குப்பை. ராத்திரி ஷிப்டு பார்த்துக்கொண்டே படித்த எங்கள் பெரியம்மாவையும் சேர்த்துத்தான் சிரித்தீர்கள்.

'மேடம் உணர்ச்சிவசப்படுறீங்க' என்று கமெண்ட் போட வருகிறவர்களுக்கு: ஆமாம், படுகிறேன்.

கைதட்டியவர்களில் ஒருவர் என் நட்புப் பட்டியலில் இருக்கிறார். போன மாதம் என்னிடம் இந்தப் புத்தகத்தை இரவல் வாங்கிப் போனவர். படித்து முடித்திருந்தால் திருப்பிக் கொடுங்கள் சார்.