செத்த ஆமையைப் புதைக்கும் முன்

தை பிறந்தால் கடலூர்க் கரையில் தாழங்குடா தொடங்கி சாமியார்பேட்டை வரை பங்குனி ஆமைகள் (ஆலிவ் ரிட்லி கடலாமைகள்) செத்து ஒதுங்குகின்றன. எண்ணுகிறோம், படம் எடுத்துப் போடுகிறோம், புதைத்துவிடுகிறோம். வெறும் எண்ணிக்கையை வைத்து அது எங்கே செத்தது, எதனால் செத்தது என்று எவராலும் சொல்ல முடியாது. ஆராய்ச்சிக்குக் கிடைத்த சான்றைக் கையோடு மண்ணில் போட்டு மூடுகிறோமே என்பதுதான் என் ஆதங்கம்.

முதலில் வனத்துறைக்குச் சொல்லுங்கள். வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் உள்ள உயிரினம். செத்தாலும் நாமாக அறுக்கக் கூடாது. அவர்கள் வந்ததும், புதைப்பதற்கு முன் பத்து நிமிடம் கேட்டு வாங்குங்கள்.

உடல் எந்த நிலையில் இருக்கிறது என்பதை முதலில் எழுத வேண்டும். நாற்றமில்லாமல் கண் தெளிவாக இருக்கிறதா, உப்பிவிட்டதா, ஓட்டுத் தகடு உரிகிறதா, வெறும் கூடா? செத்த ஆமை பெரும்பாலும் முதலில் மூழ்கும். வயிற்றில் வாயு சேர்ந்த பிறகே மிதந்து கரைக்கு வரும். அதற்குள் நீரோட்டம் அதை இழுத்துப் போயிருக்கும். வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் நம் கரையோர நீரோட்டம் தெற்கே ஓடும், பிப்ரவரி வாக்கில் வடக்கே திரும்பும். ஆக, டிசம்பரில் தேவனாம்பட்டினத்தில் அழுகி ஒதுங்கியது வடக்கே புதுச்சேரிப் பக்கம் செத்திருக்கலாம். மார்ச்சில் ஒதுங்கியது தெற்கே பரங்கிப்பேட்டைப் பக்கம். தேதியும் உடல்நிலையும் இல்லாத குறிப்பால் இந்தக் கணக்கைப் போடவே முடியாது.

அடுத்து நீளம். கழுத்துப் பக்க ஓட்டு விளிம்பின் நடுவிலிருந்து வால் பக்க நுனி வரை, வளைவோடு ஒட்டி டேப் பிடியுங்கள். தையல்காரர் துணி டேப் நனைந்தால் இழுபடும், ஃபைபர் டேப் நல்லது. வளர்ந்த ஆமை 60 முதல் 75 செ.மீ. இருக்கும். ஓட்டைத் தாண்டி வால் நீண்டிருந்தால் ஆண். ஓட்டின் நடுவரிசைத் தகடுகளுக்கு இருபுறமும் உள்ள பெரிய தகடுகளையும் எண்ணுங்கள்: பேராமைக்கு (பச்சை ஆமை) பக்கத்துக்கு 4, பங்குனி ஆமைக்குப் பெரும்பாலும் 6 அல்லது அதற்கு மேல், இரு பக்கமும் ஒத்தும் இராது.

கண் பிதுங்கியிருந்தாலே இழுவலையில் மூச்சுமுட்டிச் செத்தது என்று எழுதிவிடுகிறார்கள். தவறு. அழுகி உப்பினாலும் கண் பிதுங்கும். கால்நடை மருத்துவர் புதிய உடலைத் திறந்து மூச்சுக்குழாயில் நுரை, நுரையீரலில் நீர் இருக்கிறதா என்று பார்த்தால்தான் அப்படிச் சொல்ல ஓரளவு ஆதாரம் கிடைக்கும். ஆமை தப்பும் கருவியை வலையில் பொருத்தச் சொல்லி மீனவரிடம் பேசுகிறவர்கள் கையில் அந்த ஆதாரம் இருக்க வேண்டும். ஆதாரமில்லாத பழியை எந்த விசைப்படகுக்காரர் ஏற்பார்?

கடைசியாக ஓட்டில் பெயின்ட் அடையாளம் போடுங்கள், அலை இழுத்துப்போய் அடுத்த குப்பத்தில் ஒதுக்கினால் இன்னொரு எண்ணிக்கை ஆகிவிடும். குழி ஓதம் ஏறாத மேட்டில், மூன்றடிக்குக் குறையாமல் இருக்கட்டும். ஆழம் குறைந்தால் நாய்கள் தோண்டிவிடும்.