அறிவியல் பெயரும் மாறும்
"வட்டாரப் பெயர்கள்தாம் மாறும், அறிவியல் பெயர் ஒருமுறை இட்டால் நிலையானது" என்று ஒரு கட்டுரை சொல்வதை என்னால் முழுமையாக ஏற்க இயலவில்லை. காரைக்குடிப் பக்கத்துக் கண்மாய் வயல்களில் மாடுகளின் பின்னே நடக்கும் உண்ணிக்கொக்கை நாங்கள் இன்றும் அப்படியேதான் அழைக்கிறோம். ஆனால் 1758இல் ஸ்வீடன் இயற்கையியலாளர் லின்னேயஸ் 'ஆர்டியா ஐபிஸ்' என்று பெயரிட்ட அந்த இனம், பத்தொன்பதாம் நூற்றாண்டில் 'புபல்கஸ்' என்னும் தனிப் பேரினத்துக்கு (நெருங்கிய உறவுள்ள இனங்களின் தொகுதிக்கு) போய், மரபணு ஆய்வுகளின் பயனாக 2024இல் முக்கியப் பறவைப் பட்டியல்கள் சிலவற்றில் மீண்டும் 'ஆர்டியா'வுக்கே வந்துவிட்டது. இதற்கிடையில் நம் பக்கத்துக் கொக்கைத் தனி இனமாகவும் பிரித்துவிட்டார்கள். இப்படிப் பெயரை மாற்றுவது ஆய்வாளர்களின் விளையாட்டா என்று ஒரு வாசகர் கேட்டிருக்கிறார்; அது விளையாட்டு அன்று. பெயரின் முதற்சொல்லே பேரினத்தைக் குறிப்பதால், உறவைப் பற்றிய முடிவு மாறும்போது அச்சொல்லும் மாறியாக வேண்டும். ஓரளவு நிலைத்து நிற்பது இரண்டாம் சொல்தான்: சோழமண்டலக் கரையை நினைவூட்டும் வகையில் 1783இல் டச்சு இயற்கையியலாளர் போடார்ட் நம் கொக்குக்கு இட்ட 'கோரமண்டா' இன்றும் நீடிக்கிறது. அதுகூட, பேரினப் பெயரின் இலத்தீன் இலக்கணப் பாலுக்கு (ஆண்பால், பெண்பால்) இயைய, 'புபல்கஸ்' உடன் இருந்தவரை 'கோரமண்டஸ்' என்றே எழுதப்பட்டது.