கேக் வேண்டாம், வாடகைக்குக் கொடுங்கள்

சேலம் கிச்சிப்பாளையம் பக்கம் ஒரு தொண்டு அமைப்பு நடத்தும் மாலைநேரப் படிப்பு மையத்துக்கு வாரம் இரண்டு நாள் போகிறேன். சிமெண்ட் ஷீட் கூரை, இரண்டு டியூப்லைட், நாலு பாய், சுவரில் கருப்பு அடித்த போர்டு. மையம் என்பது அவ்வளவுதான்.

அரசுப் பள்ளி இருக்கும்போது இது எதற்கு என்று நண்பர்கள் கேட்கிறார்கள். புத்தகம், சீருடை, மதிய உணவு எல்லாம் உண்டு, 2022-லிருந்து காலை உணவும் வந்துவிட்டது. சரிதான், அதில் ஒன்றையும் நான் குறைத்துச் சொல்லவில்லை. நாலு மணிக்கு மேல் அந்தப் பிள்ளை எங்கே உட்கார்ந்து படிக்கும் என்பதுதான் என் கேள்வி.

வெள்ளிக் கொலுசு வேலை பட்டறையோடு முடிவதில்லை என்று சேலத்துக்காரர்களுக்குத் தெரியும். எவ்வளவோ வேலை வீட்டுக்கு வந்துவிடும். ஒற்றை அறை வீடு, தரை முழுக்க வேலைச் சாமான். அம்மா பக்கத்தில் உட்கார்ந்து பிள்ளையும் கண்ணி கோக்கும். சின்ன விரல், வேகமாக ஓடும். 14 வயதுக்குள் இருக்கும் பிள்ளைகள் பள்ளி நேரம் போக மீதி நேரத்தில் ஆபத்தில்லாத குடும்பத் தொழிலுக்கு உதவலாம் என்று 2016 சட்டத்திருத்தம் சொல்கிறது. சட்டத்தில் அதற்குப் பெயர் உதவி. ராத்திரி பத்து மணிக்குக் கண் செருகச் செருக அது வேலைதான். அந்த அம்மாக்களைக் குறை சொல்ல எனக்கு வாய் வராது. கூலி அப்படி.

போன மாதம் ஐந்தாம் வகுப்புப் பெண் ஒருத்திக்குக் கடன் வாங்கிக் கழித்தல் வரவே இல்லை. 52-ல் 17 போனால் 45 என்றே சொல்லிக்கொண்டிருந்தாள். நானும் மூன்று தடவை போர்டில் போட்டுக் காட்டினேன். மையத்தில் சொல்லிக்கொடுக்கும் அக்கா அதே தெருப் பெண். நோட்டை மூடி வைத்தாள். “கண்ணு, அஞ்சு பை இருக்கு. பைக்குப் பத்துக் கொக்கி. உதிரியா ரெண்டு. பட்டறைக்காரர் பதினேழு கேக்கறார்.”

பிள்ளை கொஞ்ச நேரம் பாயையே பார்த்தாள். “ஒரு பையைப் பிரிக்கணும்க்கா.” அப்புறம் உடனே, “முப்பத்தஞ்சு மிச்சம்.”

கணக்கு அவளுக்குத் தெரிந்தேதான் இருந்தது. அவள் வீட்டுத் தரையில் என்ன கிடக்கிறது என்று தெரிந்த ஒருத்தர் பக்கத்தில் உட்கார வேண்டியிருந்தது. 2021-ல் அரசு தொடங்கிய இல்லம் தேடிக் கல்வியும் இந்த எண்ணத்தில் வந்ததுதான். அந்தந்தப் பகுதித் தன்னார்வலர்கள் மாலையில் சொல்லிக்கொடுத்தார்கள். மாதம் ஆயிரம் ரூபாய் ஊக்கத்தொகை. அந்தத் தொகையை நம்பி ஒரு பெண் எத்தனை வருடம் இதிலேயே இருப்பாள்?

இதற்கு முன் நான் போய்க்கொண்டிருந்த மையம் வாடகை கட்ட முடியாமல் மூடிவிட்டது. மூடிய அன்று அலமாரி நிறைய நன்கொடை நோட்டுகள், பிரிக்காத கலர் பென்சில்கள். பிறந்தநாளுக்குக் கேக் வெட்டி, பிள்ளைகளை வரிசையில் நிறுத்திப் படம் எடுத்துக்கொண்டு போகிறவர்களுக்கு நல்ல மனசுதான். ஆனால் படிப்பு நேரம் ஒரு மணி போகிறது. வாடகைக்கும் அக்காவின் சம்பளத்துக்கும் மாதாமாதம் கொடுக்க ஆள் கிடைப்பதில்லை. ஐந்நூறு ரூபாய் ஆனாலும் மாதம் தவறாமல் வந்தால் அந்த அக்கா வேறு வேலை தேட மாட்டாள்.

ஒரு நாள் சாயங்காலம் ஆறு மணிக்கு வாருங்கள். கேக் வேண்டாம், செல்போன் பையிலேயே இருக்கட்டும். வாசலில் சின்னச் சின்னச் செருப்பாகக் கிடக்கும், பார்த்து மிதிக்காமல் உள்ளே வாருங்கள்.