குள்ளப் புல்லுருவி விதையைத் தானே எறிகிறது

கலிபோர்னியாவின் மலையடிவாரப் புதர்க்காடுகளில் சாம்பல் பைன் மரங்களைப் பற்றும் குள்ளப் புல்லுருவி என்னும் ஒட்டுண்ணிச் செடியைப் பறவைகளே பரப்புகின்றன என்று நான் படித்த ஒரு கட்டுரை கூறுவதை ஏற்க இயலவில்லை. நம் மாமரங்களில் காணும் புல்லுருவிக்கு அது பொருந்தும். அதன் கனியை உண்ணும் பூக்கொத்திகள் எச்சத்தோடு வரும் பிசுபிசுப்பான விதையைக் கிளையில் தேய்த்துவிட்டுப் போகின்றன. குள்ளப் புல்லுருவியோ, இலைகள் வெறும் செதில்களாகச் சுருங்கிய தன் தண்டுகளில் இலையுதிர் காலத்தில் முதிரும் சிறு கனிக்குள் நீரழுத்தத்தைச் சேர்த்துவைத்து, கனி காம்பிலிருந்து கழலும் கணத்தில் உள்ளிருக்கும் ஒற்றை விதையை விநாடிக்கு ஏறத்தாழ 25 மீட்டர் வேகத்தில் பீய்ச்சியடிக்கிறது. பைன் ஊசியில் ஒட்டிக்கொள்ளும் அவ்விதை, மழையில் பசை நெகிழ்ந்ததும் ஊசி வழியே வழுக்கி இறங்கி, இளங்கிளையின் பட்டையை அடைந்து முளைக்கிறது. என்ன நுட்பமான ஏற்பாடு! பறவையின் இறகில் ஒட்டி விதை தொலைவுக்குச் செல்வதும் உண்டு, ஆனால் அது அரிது.

தொற்று கண்ட மரங்களையெல்லாம் வெட்டவேண்டும் என்ற அக்கட்டுரையின் பரிந்துரையும் எனக்கு வருத்தமளிக்கிறது. ஒட்டுண்ணியின் இழைகள் பட்டைக்குள் பரவியிருப்பதால் தண்டுகளை மட்டும் கிள்ளுவது பயன் தராது என்பது உண்மையே; ஆயினும் தொற்று கீழ்க்கிளைகளோடு நிற்கும் மரங்களில் அக்கிளைகளை அடியோடு கழித்தாலே மரத்தைக் காப்பாற்ற முடியும்.