விடை கைடில் வந்துவிட்டால் அது உயர் சிந்தனைக் கேள்வியா?

2019-இல் வந்த பத்தாம் வகுப்பு அறிவியல் புத்தகத்தில் எனக்கு மிகவும் பிடித்தது, பாடங்களின் முடிவில் வரும் 'உயர் சிந்தனைக்கான வினாக்கள்'. ஆனால் கடையில் விற்கும் கைடுகளைப் புரட்டிப் பாருங்கள். அந்தக் கேள்விகளுக்கும் விடை தயாராக இருக்கிறது. பிள்ளைகள் அதையும் சேர்த்து மனப்பாடம் செய்கிறார்கள். அப்புறம் அதில் சிந்திக்க என்ன மிச்சம்?

என் வருத்தம் கேள்விகளின் தரத்தைப் பற்றியது இல்லை. விடையைச் சொல்லாமல் விட நம் பாடப்பொருள்களுக்குத் துணிவு வரவில்லை என்பதுதான்.

ஒரு தட்டில் தண்ணீர், நடுவில் எரியும் மெழுகுவர்த்தி, மேலே கவிழ்த்த கண்ணாடி டம்ளர். சுடர் அணையும், தண்ணீர் மேலேறும். ஆக்சிஜன் தீர்ந்துபோனதால் அந்த இடத்துக்குத் தண்ணீர் வந்தது, ஆகவே காற்றில் ஐந்தில் ஒரு பங்கு ஆக்சிஜன் என்று காலம் காலமாகச் சொல்லிவருகிறோம். சரி, அதே டம்ளருக்குள் மூன்று மெழுகுவர்த்திகளை வைத்துச் செய்யச் சொல்லுங்கள். தண்ணீர் இன்னும் உயரம் ஏறும். டம்ளர் அதேதான், உள்ளே இருந்த ஆக்சிஜனும் ஏறக்குறைய அதே அளவுதான், பிறகு எப்படி? தண்ணீர் எப்போது ஏறுகிறது என்பதையும் பார்க்கச் சொல்லுங்கள். பெரும்பாலும் சுடர் மங்கி அணையும் நேரத்தில்தான் விறுவிறுவென ஏறும். சூட்டில் விரிந்த காற்று குளிர்ந்து சுருங்குகிறது என்று கடைசி பெஞ்சிலிருந்து ஒரு குரல் வரும். அதுவரை ஆசிரியர் வாய் திறக்காமல் இருக்க வேண்டும். அதுதான் கஷ்டம்! சிலபஸை முடிக்க ஓடும் ஆசிரியருக்கு அந்த நேரத்தை யார் கொடுக்கிறார்கள்?

இது நடக்காத காரியம் இல்லை. மத்தியப் பிரதேசத்தின் ஹோஷங்காபாத் மாவட்டத்தில் 1972-இல் 16 நடுநிலைப் பள்ளிகளில் ஒரு அறிவியல் கற்பித்தல் திட்டம் தொடங்கியது. 1982-லிருந்து ஏகலவ்யா என்ற கல்வித் தொண்டு அமைப்பு அதை முன்னெடுத்தது. அவர்களுடைய புத்தகத்தில் சோதனையும் கேள்வியும் இருக்கும், முடிவு இருக்காது. கிராமத்துப் பிள்ளைகள் செய்து பார்த்து, குறித்துவைத்து, வகுப்பில் வாதாடி முடிவுக்கு வந்தார்கள். தேர்விலும் புத்தகத்தைத் திறந்துவைத்தே எழுதலாம், கூடவே செய்முறைத் தேர்வும் உண்டு. முப்பது ஆண்டுகள் ஓடிய அந்தத் திட்டத்தை 2002-இல் மாநில அரசு நிறுத்தியது. எனக்கு இன்றும் ஆறாத விஷயம் அது.

புத்தகத்தை மாற்றினாலும் தேர்வு மாறாவிட்டால் கைடுதான் ஜெயிக்கும். பத்தாம் வகுப்பு அறிவியலில் எழுத்துத் தேர்வுக்கு 75, செய்முறைக்கு 25. அந்த 75-இல் ஒரு பத்து மதிப்பெண்ணை, எந்தப் புத்தகத்திலும் வராத ஒரு அட்டவணையையோ வரைபடத்தையோ கொடுத்து, 'இதிலிருந்து என்ன தெரிகிறது, ஏன் அப்படிச் சொல்கிறாய்?' என்று கேட்க ஒதுக்கலாம். காரணம் சரியாக இருந்தால், விடை வேறாக இருந்தாலும் மதிப்பெண் தர வேண்டும். செய்முறையிலும் பழகிய சோதனையில் ஒரே ஒரு அளவை மாற்றிக் கொடுத்து, என்ன நடக்கும் என்று முதலில் எழுதவைத்து, பிறகு செய்யச் சொல்லலாம். இதற்குப் புதுக் கட்டடமோ ஸ்மார்ட் போர்டோ தேவையில்லை. வினாத்தாள் தயாரிப்பவர்களும் விடைத்தாள் திருத்துபவர்களும் மனம் வைத்தால் அடுத்த காலாண்டுத் தேர்விலேயே தொடங்கலாம்.