தண்ணீரில் கண்டம்

சனிக்கிழமை விடிய 4.30க்கு வெள்ளவத்தையிலிருந்து வெளிக்கிட்டோம். நான், மனைவி, மாமி. பின் சீற்றில் மாமியின் மடியில் கோப்பிப் பிளாஸ்க். மகள் முதல் நாளே தன் குழுவோடு கித்துல்கல போய்விட்டாள். ஞாயிறு காலை அங்கே களனி ஆற்றில் ராஃப்டிங் போட்டி, காற்றடித்த படகில் வேகத் தண்ணீரில் துடுப்பு வலித்து இறங்குவது. ஆறு பேர் கொண்ட அணியில் அவளும் ஒருத்தி. வயது 20. அவள் துடுப்புப் பிடித்து நாங்கள் மூன்று பேரும் அதுவரை பார்த்ததில்லை.

பார்க்காமல் போனதற்குக் காரணம் நான்தான். அவளுடைய சாதகத்தில் ‘தண்ணீரில் கண்டம்’ என்று எழுதியிருந்தது. ஐந்தாம் ஆண்டில் பாடசாலையில் நீச்சல் வகுப்புக்குப் பெயர் கேட்டார்கள். நான் கையெழுத்துப் போடவில்லை. புலமைப்பரிசில் பரீட்சை வருடம் என்பதால் சொல்ல ஒரு சாட்டும் கிடைத்தது. வெயிலில் பிள்ளை கறுத்துப் போகும் என்று சொந்தக்காரர்களும் ஒத்துப் பாடினார்கள். கம்பஸ் போன பிறகு, சின்னப் பிள்ளைகளுக்குக் கணக்குச் சொல்லிக் கொடுத்துச் சேர்த்த காசில் அவளாகவே நீந்தப் பழகினாள். எங்களுக்குச் சொன்னது ஒரு வருடம் கழித்து.

இத்தனைக்கும் நான் எட்டு வயதில் கீரிமலைக் கேணியில் நீந்தப் பழகியவன். சித்தப்பா வயிற்றுக்கடியில் கையைக் கொடுத்துத் தாங்கிப் பிடித்தார், ஒரு கிழமையில் விட்டுவிட்டார். எனக்கும் சாதகம் எழுதி வைத்திருந்தார்கள். ஒருவரும் அதை எடுத்துப் பார்க்கவில்லை. பையன்தானே.

ஹோமாகம தாண்டி, விடியும் நேரம், வீதியோரத்தில் காரை நிறுத்திப் பிளாஸ்க்கைத் திறந்தோம். மாமியின் கோப்பி மல்லி, மிளகு, வேர்க்கொம்பு எல்லாம் சேர்த்து வீட்டில் வறுத்து இடித்தது. சீனி போடமாட்டார். பனங்கட்டியைக் கடித்துக்கொண்டு குடிக்க வேண்டும். முதல் மிடறிலேயே தொண்டை காந்தும். கப்பை இரண்டு கையாலும் பொத்திக்கொண்டு மாமி வீதியைப் பார்த்தபடி சொன்னார்:

“சின்னக்கா கேணியிலதான் போனவ. பதினொரு வயசு. நாங்கள் நாலு பேர் கரையில நிண்டனாங்கள். ஒருத்தருக்கும் நீந்தத் தெரியாது.”

என் மனைவிக்கே அது தெரியாது. சின்னக்கா காய்ச்சலில் போனதாகத்தான் வீட்டில் சொல்லியிருக்கிறார்கள். பிறகு அவிசாவளை வரைக்கும் காரில் ஒருவரும் அதிகம் பேசவில்லை. எனக்குள் அந்தக் கடைசி வசனம் மட்டும் ஓடிக்கொண்டிருந்தது. மாமியின் பயத்தை நான் வெறும் சாத்திரப் பயம் என்றே இத்தனை வருடமும் நினைத்திருந்தேன். ஒரு பிள்ளை தண்ணீரில் போனதும் எங்கள் குடும்பம் செய்தது, மற்றப் பெண் பிள்ளைகளையும் தண்ணீர்ப் பக்கம் விடாமல் மறித்ததுதான். கரையில் நின்றவர்களுக்கு நீந்தத் தெரியாமல் இருந்ததைப் பற்றி யாரும் யோசிக்கவில்லை. அப்புறம் அந்தப் பயம் கைமாறிக் கைமாறி என் மகளிடம் வந்து, பெயரும் மாறி, ‘கண்டம்’ ஆகிவிட்டது.

2004 டிசம்பர் 26 சுனாமியை அனுபவித்த சனம் நாங்கள். இந்த நாட்டில் மட்டும் 30,000க்கும் மேற்பட்டவர்கள் போனார்கள். அதில் பெண்களும் பிள்ளைகளும்தான் அதிகம். காரணம் பல. வீட்டில் இருந்தது, கையில் குழந்தை இருந்தது, சேலை காலைச் சுற்றியது. மரத்தில் ஏறவும் நீந்தவும் பழக்கப்படாததும் அவற்றில் ஒன்று. அந்த அலையில் நீச்சல் தெரிந்தவர்களும் போனார்கள், அதை மறைக்கவில்லை. ஆனால் கடலோரத்தில் பிறந்த பெண்ணுக்கு அந்த ஒரு வாய்ப்பைக்கூட நாங்கள் கொடுக்கவில்லை என்பது என்னை உறுத்துகிறது.

யட்டியாந்தோட்டைப் பக்கம் இறப்பர் மரங்களுக்கு நடுவே ஒரு சின்னக் கடையில் இரண்டாவது கோப்பி. கடைக்கார அம்மா வளவில் பறித்த கொட்டையை வறுத்துத் தானே இடித்த தூள். “எங்க பாட்டன்மாரு தேயிலைக்கு வரலீங்க, கோப்பிக்குத்தான் மொதல்ல வந்தாங்க” என்றார். உண்மைதான். 1869இல் இலைத்துரு நோய் கண்டு, அடுத்த இருபது வருடங்களில் கோப்பித் தோட்டங்களைத் துடைத்தெடுத்த பிறகுதான் இந்த மலைகள் தேயிலைக்கு மாறின. தென்னிந்தியாவிலிருந்து வந்து மன்னாரில் இறங்கி, காட்டுவழியே நடந்து வழியிலேயே செத்தவர்கள் எத்தனையோ பேர். கொழும்பில் கோப்பி குடிக்கும்போது எங்களுக்கு இது ஞாபகம் வருவதில்லை. மாமி அந்த அம்மாவிடம் கால் கிலோ தூள் வாங்கிக்கொண்டார்.

சரி, போட்டிக்கு வருகிறேன்.

கெஹெல்கமு ஓயாவும் மஸ்கெலி ஓயாவும் சேர்ந்துதான் களனி ஆறு. மழையோடு மேலே மின்நிலையங்கள் விடும் தண்ணீரையும் பொறுத்து மட்டம் ஏறும், இறங்கும். பாறைகளுக்கிடையே தண்ணீர் சீறி இறங்கும் இடங்களை ரெபிட் என்கிறார்கள். இரண்டு ராஃப்ட்கள் ஒன்றாகப் புறப்படும். முதலில் கீழே வருவது வெற்றி. ரோயிங் படகில் முதுகைக் காட்டிக்கொண்டு போவார்கள். இங்கே போகும் திசையைப் பார்த்துத்தான் வலிக்க வேண்டும்.

முதல் நாள் பின்னேரம் மகள் துடுப்பை எங்களுக்குக் காட்டினாள். அதன் மேல் முனையில் குறுக்காக ஒரு பிடி. என்ன நடந்தாலும் மேல் கை அதை விடக்கூடாதாம். விட்டால் அந்த முனை பக்கத்தில் இருப்பவரின் பல்லை உடைத்துவிடும். அவளுடைய உள்ளங்கையில், பெருவிரலின் அடியில், தோல் தடித்துக் காய்த்திருந்தது. மாமி அதை விரலால் தடவிப் பார்த்தார். ஒன்றும் சொல்லவில்லை.

ஞாயிறு காலை, இரண்டாவது ரெபிட்டில், எங்கள் கண் முன்னால் அவள் ராஃப்டிலிருந்து விழுந்தாள். எதிர் அணியோடு உரசியதில் இடப்பக்கம் கிளம்பியது, அவள் வலப்பக்கமாகச் சரிந்தாள். சிவப்பு ஹெல்மட் ஒருதரம் உள்ளே போய் வெளியே வந்தது. என் மனைவி என் கையை இறுக்கிய தடம் இரவு வரைக்கும் இருந்தது. ஆனால் மகள் பதறவில்லை. மல்லாக்கக் கிடந்து, இரண்டு பாதங்களையும் தண்ணீருக்கு மேலே, ஓட்டத்தின் திசையில் நீட்டிக்கொண்டாள். துடுப்பை விடவில்லை. அவளுடைய தோழி லைஃப் ஜாக்கெட்டின் தோள்பட்டிகளைப் பிடித்து ஒரே இழுவையில் ஏற்றிவிட்டாள். பத்து விநாடி இருக்கலாம். அந்தச் சுற்றில் அவர்கள் தோற்றார்கள்.

கரைக்கு வந்தவளிடம் மாமி கேட்ட முதல் கேள்வி, “கால் ஏன் முன்னுக்கு நீட்டினனி?”

“எழும்பி நிக்கக் கூடாது அம்மம்மா. ஓடுற தண்ணியில கால் கல்லுக்குள்ள மாட்டினால் தண்ணி ஆளை அமத்திப்போடும். மல்லாக்கப் படுத்துக் காலை முன்னுக்கு விட்டால் கல்லில கால்தான் படும், தலை படாது.”

மாமி அதை இரண்டாம் தரமும் சொல்லச் சொல்லிக் கேட்டார். தன் அக்காவுக்கு 60 வருடங்களுக்கு முன்னால் யாராவது சொல்லியிருக்க வேண்டியதை இப்போது கேட்கிறார் என்று எனக்குப் பட்டது. கேணியும் ஆறும் ஒன்றல்ல, தெரியும். ஆனாலும் அப்படித்தான் பட்டது.

அவளைக் காப்பாற்றியது அதிர்ஷ்டமல்ல. பழக்கம், ஜாக்கெட், ஹெல்மட், பக்கத்தில் பழகிய தோழி. கீழே இரண்டு பேர் கயாக்கில் காத்திருந்தார்கள், கரையில் ஒருவர் விழுந்தவருக்கு எறியும் கயிற்றுப் பையோடு நின்றார். லீவில் ஊர் பார்க்கப் போய், தெரியாத ஆற்றில் குதித்து முடிந்துபோகும் இளம் பொடியன்களின் செய்தி அடிக்கடி பத்திரிகையில் வருகிறது. அவர்களுக்கு இதில் ஒன்றுமே கிடைத்திருக்காது.

கொழும்பில் பிள்ளை வளர்க்கும் எங்கள் ஆட்களிடம் கேட்கிறேன். தினமும் பின்னேரம் மரைன் டிரைவில் நடக்கிறோம். ரயில் பாதைக்கு அந்தப் பக்கம் கடல். பேர வாவி, தியவன்னா ஓயா, வெள்ளவத்தைக் கால்வாய், எங்கு திரும்பினாலும் தண்ணீர். குழாயைத் திறந்தால் வருவதில் பெரும்பங்கு இதே களனி ஆற்றில், அம்பத்தலையில், எடுத்துச் சுத்திகரித்த தண்ணீர். இவ்வளவு தண்ணீருக்கு நடுவே வளரும் மகளுக்குச் சனி ஞாயிறு முழுக்க டியூஷன் கொடுக்கிறோம், பரதம் கொடுக்கிறோம், நீச்சலுக்கு மட்டும் சாதகத்தை எடுக்கிறோம். சாதகத்தை நம்புகிறவர்களோடு நான் சண்டைக்கு வரவில்லை. தண்ணீரில் கண்டம் என்று எழுதியிருந்தால், நீந்தப் பழக்க வேண்டிய முதல் பிள்ளை அந்தப் பிள்ளைதான்.

திரும்பும் வழியில் அதே கடையில் மறுபடி நிறுத்தினோம். மாமி கேட்டதால்தான். கோப்பி வரும்வரைக்கும் மகள் வாங்கில் சாய்ந்து நித்திரையாகிவிட்டாள், தலைமயிர் இன்னும் காயவில்லை. மாமி போனை எடுத்து மட்டக்குளியில் இருக்கும் தன் மகனுக்கு அடித்தார். அவருடைய சின்ன மகளுக்கு ஒன்பது வயது, அடுத்த வருடம் புலமைப்பரிசில். அண்ணிதான் எடுத்தார் போல. சனிக்கிழமைக் கணக்கு வகுப்பை வேறு நாளுக்கு மாற்ற ஏலுமோ என்று மாமி கேட்பது எனக்குக் கேட்டது. அந்தப் பக்கம் என்னவோ மறுப்புச் சொன்னார்கள். மாமி கோப்பியைக் கீழே வைத்துவிட்டு, “இல்லப் பிள்ளை, நான் சொல்லுறதைக் கேள்” என்று முதலிலிருந்து சொல்லத் தொடங்கினார். சின்னக்காவிலிருந்து.