முழங்காலுக்குக் கீழே எத்தனை அங்குலம், சார்?

அந்தக் காணொளியை எல்லாரும் பார்த்துவிட்டீர்கள், மறுபடி பகிரப் போவதில்லை. நம் மலேசியாவில் புகார் கொடுக்கப் போன பெண்ணை முழங்கால் தெரிகிறதென்று வாசலிலேயே நிறுத்தினார்களே, அதுதான். நிறுத்தியதைக் கூடப் பொறுத்துக்கொள்வேன். அதன் கீழே நம் ஆள்களே வந்து "அரசாங்க ஆபீசுக்கு அடக்க ஒடுக்கமாகப் போனால் என்ன?" என்று எழுதியதுதான் தாங்கவில்லை.

போகலாமே. நானும் சுடிதாரில்தான் போகிறேன். நான் கேட்பது ஒன்றே ஒன்று: எந்தச் சட்டத்தில் இருக்கிறது? மக்களவையில் என்றைக்கு நிறைவேறியது? வாசலில் நிற்கும் ஜாகா, அதாவது காவலாளி, கையை நீட்டினால் அதுதான் இந்த நாட்டில் சட்டமா? விவகாரம் பெரிதானதும் மேலிடத்திலிருந்து கனிவான ஓர் அறிக்கை வரும். அடுத்த வாரம் இன்னொரு வாசலில் அதே உடைக் கட்டுப்பாட்டு அட்டை தொங்கும்.

நம் தேசியக் கோட்பாடான ருக்குன் நெகாராவின் ஐந்து கொள்கைகளில் நன்னடத்தை இருக்கிறதே என்று ஒருவர் பாடம் எடுத்தார். இருக்கிறது சார், ஐந்தாவது. அதற்கு முந்தின நான்காவது, சட்டத்தின் ஆட்சி. அதை மட்டும் எப்படித் தாண்டிக் குதித்தீர்கள்?

இஸ்லாம்தானே கூட்டரசின் சமயம் என்பார்கள். ஆமாம், அரசியலமைப்பின் 3-ஆவது பிரிவு அப்படித்தான் சொல்கிறது. மற்ற சமயங்களை அமைதியாகப் பின்பற்றலாம் என்பதும் அதே வாக்கியத்தில்தான் இருக்கிறது. 1988-இல் சே ஒமார் வழக்கில் நாட்டின் உச்ச நீதிமன்றமே நம் சட்டம் சமயச் சார்பற்றது என்றது. 2001-இல் அப்போதைய பிரதமர் மகாதீர் ஒரு கட்சி மாநாட்டில் இது இஸ்லாமிய நாடு என்றார். எது நிலைத்தது என்று உங்களுக்கே தெரியும்.

"உங்களுக்கு என்ன வந்தது, இதெல்லாம் முஸ்லிம்களுக்கு மட்டும்தானே?" இதைக் கேட்டுக் கேட்டுக் காது புளித்துவிட்டது. கிளந்தான் மாநிலத் தலைநகர் கோத்தா பாருவில் ஆணுக்கு முடிவெட்டிய முஸ்லிம் அல்லாத பெண்களுக்கு அபராதம் போட்டார்களே, அவர்கள் எந்தக் கணக்கு?

எங்கள் பக்கத்து வீட்டு மலாய்க்கார அக்கா, நாங்கள் கூப்பிடுவது காக், நான் சின்னப் பிள்ளையாக இருந்தபோது தீபாவளிக்கு எங்கள் அடுப்படிக்கே வந்து உட்கார்ந்து அம்மாவோடு முறுக்கு பிழிவார். எங்கள் தட்டில்தான் சாப்பிடுவார். எங்கள் வீட்டில் பன்றி இறைச்சி எந்தக் காலத்திலும் ஏறியதில்லை, அது அவருக்கும் தெரியும். இப்போதும் வருகிறார், பாசத்தில் ஒரு குறையும் இல்லை. ஆனால் மகன் சொன்னானாம், காகிதத் தட்டில் கொடு என்கிறார். சொல்லும்போது அம்மாவின் முகத்தைப் பார்ப்பதில்லை. அம்மா இப்போது அவர் கேட்கும் முன்பே காகிதத் தட்டு வாங்கி வைத்துவிடுகிறார். இதற்கும் சட்டம் கிடையாது, பாருங்கள்.

முஸ்லிம் அல்லாத நீ பேசாதே என்றால், கிளந்தான் ஷரியா குற்றவியல் சட்டத்தை எதிர்த்து வழக்குப் போட்ட தாயும் மகளும் யார்? முஸ்லிம்கள். 2024 பிப்ரவரியில் நாட்டின் உயர்ந்த நீதிமன்றமான கூட்டரசு நீதிமன்றம் 16 பிரிவுகளைச் செல்லாது என்றது. மாநிலச் சட்டமன்றத்துக்கு அந்த அதிகாரம் இல்லை என்பது மட்டும்தான் தீர்ப்பு. அதற்கே இஸ்லாத்தின் எதிரிகள் என்று வசை வாங்கினார்கள்.

பத்துமலை இருக்கிறது, தைப்பூசத்துக்கு விடுமுறை இருக்கிறது, இன்னும் என்ன வேண்டும் என்பவர்களுக்கு: வரி கட்டுகிறேன். அவ்வளவுதான் பதில்.

இல்லை, இன்னும் கொஞ்சம் இருக்கிறது. நம் ஊர்த் தாய் இந்திரா காந்தியை (இந்தியப் பிரதமர் அல்ல) மறந்துவிட்டீர்களா? 2009-இல் கணவர் இஸ்லாத்துக்கு மதம் மாறினார். தாயைக் கேட்காமலே மூன்று பிள்ளைகளையும் மாற்றினார், பதினொரு மாதக் கைக்குழந்தையைத் தூக்கிக்கொண்டு போனார். அந்த மதமாற்றம் செல்லாது என்று கூட்டரசு நீதிமன்றம் சொல்ல 2018 ஆனது. தீர்ப்பைக் கையில் வைத்துக்கொண்டும் அந்தத் தாய் ஆண்டுக்கணக்கில் மகளைத் தேடினார். எழுத்தில் இருக்கிற சட்டம் இவ்வளவு மெதுவாக நகர்கிறது, எழுதாதது மட்டும் வாசலிலேயே பிடித்து நிறுத்துகிறது.

உங்கள் வீட்டில் அப்படியெல்லாம் நடக்காதும்மா என்று ஓர் அண்ணன் ஆறுதல் சொல்லியிருக்கிறார். 2009-க்கு முன்னால் இந்திரா காந்தி வீட்டிலும் யாரும் நடக்கும் என்று நினைத்திருக்க மாட்டார்கள் அண்ணே.